வேலூரில் படிக்கும் மாணவர் நூலகத் தரவுத்தளங்களில் ஆய்வுக்கட்டுரை தேடுவது எப்படி?

கேட்டவர் வேலூரில் ஒரு தனியார் கல்லூரியில் எம்.எஸ்சி. படிக்கிறார். பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகளால் நிலத்தடி நீரில் சேரும் குரோமியம் பற்றி ப்ராஜெக்ட். தேடினால் செய்தித்தாள் செய்திகளும் காசு கேட்கும் பக்கங்களும்தான் வருகின்றன என்கிறார்.

பலரும் "காசு இல்லாமல் பேப்பர் கிடைக்காது" என்று பதில் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். காசு இரண்டாவது பிரச்சினை. முதல் பிரச்சினை, நீங்கள் பெட்டியில் தட்டும் சொற்கள். பெரும்பாலும் ப்ராஜெக்ட் தலைப்பை அப்படியே ஒரு வாக்கியமாகத் தட்டியிருப்பீர்கள். தரவுத்தளத்துக்கு வாக்கியம் வேண்டாம். தலைப்பை மூன்று துண்டாக உடையுங்கள்: தொழில், மாசு, இடம். ஒரு வெள்ளைத் தாளில் நெடுக்காக மூன்று பத்தி போட்டு, ஒவ்வொன்றின் கீழும் அதே பொருளுக்கு மற்றவர்கள் எழுதியிருக்கக்கூடிய சொற்களை எல்லாம் எழுதுங்கள். அரை மணி நேரம் இதற்குச் செலவழித்தால் அரை மாதம் மிச்சம்.

நம் ஊர்க்காரர்கள் சறுக்குவது மூன்றாவது பத்தியில், அதாவது இடத்தில். 1989 வரை நம் பகுதி வட ஆற்காடு மாவட்டம். பிறகு திருவண்ணாமலை பிரிந்தது, இந்தப் பக்கம் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் ஆனது, அப்புறம் வேலூர் மாவட்டம் ஆனது. 2019இல் அதுவும் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. வாணியம்பாடிக் கிணற்று நீரைப் பற்றிய பழைய கட்டுரையில் "நார்த் ஆர்காட்" என்றுதான் இருக்கும். 2010இல் எழுதியதில் "வேலூர் டிஸ்ட்ரிக்ட்", போன வருடம் எழுதியதில் "திருப்பத்தூர் டிஸ்ட்ரிக்ட்". ஒரே கிணறு, மூன்று பெயர். விவசாயப் பொருளாதாரம் படிக்கிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். பசுமைப் புரட்சி பற்றி 1970களிலும் 80களிலும் நம் கிராமங்களில் நடந்த பெரிய ஆய்வுகள் எல்லாம் பழைய மாவட்டப் பெயரில்தான் கிடக்கின்றன.

எழுத்துக்கூட்டும் ஒன்றாக இருக்காது. ஆங்கிலத்தில் வாணியம்பாடியை நடுவில் ஒய் போட்டும் எழுதுகிறார்கள், போடாமலும் எழுதுகிறார்கள். ராணிப்பேட்டை சிலருக்கு "ராணிபெட்", சிலருக்கு "ராணிபெட்டை". குடியாத்தம், வாலாஜாபேட்டை, பேரணாம்பட்டு எல்லாவற்றுக்கும் இரண்டு மூன்று வடிவம் உண்டு. திருப்பத்தூர் என்ற பெயரில் சிவகங்கை மாவட்டத்திலும் ஓர் ஊர் இருப்பதால் அதைத் தனியாகத் தட்டாதீர்கள்.

"வேலூர்" என்ற சொல்லிலேயே ஒரு கண்ணி இருக்கிறது. பெரிய மருத்துவக் கல்லூரியும் பெரிய பொறியியல் பல்கலைக்கழகமும் இங்கே இருப்பதால் ஆயிரக்கணக்கான கட்டுரைகளில் ஆசிரியர் முகவரியாக "வேலூர்" வரும். மருத்துவ, உயிரியல் கட்டுரைகளின் தரவுத்தளமான பப்மெட்டின் பெட்டியில் வெறுமனே வேலூர் என்று போட்டால் முகவரியில் உள்ளதையும் சேர்த்து அள்ளிவரும். இதய அறுவை சிகிச்சையும் ரோபோவும் வந்து விழும். அதனால் ஊர்ப் பெயரைத் தலைப்பு, சுருக்கம் ஆகிய புலங்களுக்குள் மட்டும் தேடச் சொல்லுங்கள். பப்மெட்டின் அட்வான்ஸ்டு பக்கத்தில் "டைட்டில்/அப்ஸ்ட்ராக்ட்" என்று தேர்ந்தெடுக்கலாம். கூகுளின் ஆய்வுக்கட்டுரைத் தேடுதளமான கூகுள் ஸ்காலரில் "இன்டைட்டில்" என்று தட்டி, இடைவெளி விடாமல் முக்காற்புள்ளி போட்டு, அதை ஒட்டியே சொல்லைத் தட்ட வேண்டும்.

இனி சொற்களைக் கோர்ப்பது. ஒரே பத்தியின் சொற்களுக்கு நடுவில் "ஆர்", பத்திக்கும் பத்திக்கும் நடுவில் "ஆண்ட்". இரண்டையும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் தட்டுங்கள். ஒவ்வொரு பத்தியையும் அடைப்புக்குறிக்குள் வையுங்கள். இரண்டு சொல் சேர்ந்து வர வேண்டுமானால் இரட்டை மேற்கோள் போடுங்கள். உங்கள் தலைப்புக்கு அது இப்படி வரும் (தட்டும்போது ஆங்கிலத்தில்):

(டேனரி ஆர் டேனரீஸ் ஆர் லெதர்) ஆண்ட் (குரோமியம் ஆர் குரோமேட்) ஆண்ட் (பாலார் ஆர் ஆம்பூர் ஆர் வாணியம்பாடி ஆர் ராணிபெட் ஆர் "வேலூர் டிஸ்ட்ரிக்ட்" ஆர் "நார்த் ஆர்காட்")

சொல்லின் வேரை மட்டும் தட்டி நட்சத்திரக்குறி போட்டால் அதன் எல்லா முடிவுகளும் வரும். எங்கே வெட்டுகிறோம் என்பதில் கவனம் வேண்டும். டி, ஏ, என், என் என்ற நான்கு எழுத்தோடு நட்சத்திரம் போட்டால் "டானின்" என்ற தாவரத் துவர்ப்புப் பொருள் பற்றிய கட்டுரைகள் எல்லாம் வெள்ளமாக வரும். இ, ஆர் சேர்த்து ஆறு எழுத்தில் வெட்டுங்கள். இந்த வசதி எல்லா இடத்திலும் கிடையாது. பெரிய பதிப்பகம் ஒன்றின் கட்டுரைத் தளமான சயின்ஸ் டைரக்ட் நட்சத்திரக்குறியை ஏற்காது. ஒரு பெட்டியில் எட்டு இணைப்புச் சொற்களுக்கு மேலும் விடாது. மேலே உள்ள தொடரில் அதைவிட இரண்டு கூடுதல், எனவே ஊர்களை இரண்டு தடவையாகப் பிரித்துத் தேடுங்கள். கூகுள் ஸ்காலரில் 256 எழுத்துதான் எல்லை. அங்கே அடைப்புக்குறியை நம்பாமல் சின்னச் சின்னத் தேடலாகச் செய்வது நல்லது.

குரோமியத்தில் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். தோல் பதனிடப் பயன்படுவது மூன்றிணைதிறன் குரோமியம். ராணிப்பேட்டை சிப்காட்டில் குவிந்து கிடக்கும் கழிவு குரோமேட் தயாரித்த ஆலையின் மிச்சம், அதில் ஆறிணைதிறன் குரோமியம். இரண்டும் இரண்டு வேறு ஆய்வு வரிசைகள். "ஹெக்ஸாவேலன்ட்" (ஆறிணைதிறன்) என்று மட்டும் தேடினால் ஆம்பூர்ப் பக்கக் கட்டுரைகளில் பாதி கைநழுவும்.

பத்தாயிரம் விடை வந்தால் இடத்தை இறுக்குங்கள். பூஜ்யம் வந்தால் முதலில் எழுத்துக்கூட்டைப் பாருங்கள், அடுத்து இடப் பத்தியைத் தளர்த்தி "தமிழ்நாடு" போடுங்கள். ஐம்பதிலிருந்து இருநூறு வரை வந்தால் உட்கார்ந்து சுருக்கங்களைப் படிக்கலாம். நல்ல கட்டுரை ஒன்று சிக்கியதும் அதன் கடைசிப் பக்க மேற்கோள் பட்டியலைப் பிடித்துப் பின்னால் போங்கள். ஸ்காலரில் அதன் கீழே இருக்கும் "சைட்டட் பை" இணைப்பைப் பிடித்து முன்னால் வாருங்கள். அதைத் திறந்ததும் மேலே வரும் கட்டத்தை டிக் செய்தால், மேற்கோள் காட்டியவற்றுக்குள் மட்டும் "பாலார்" என்று தேடலாம். சொற்களால் சிக்காதது இதில் சிக்கும். ஸ்காலரில் "சார்ட் பை டேட்" அழுத்தாதீர்கள், கடைசி ஒரு வருடத்தில் சேர்ந்தவை மட்டுமே வரும். இடது பக்கம் ஆண்டைக் குறித்துக்கொள்வதே சரி.

இப்போது காசு. மத்திய அரசு 2024 நவம்பரில் ஒப்புதல் தந்த "ஒரே நாடு ஒரே சந்தா" திட்டத்துக்கு மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள். ஆனால் இது அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கும் அரசு ஆய்வுக்கூடங்களுக்கும் வந்தது. நீங்கள் தனியார் கல்லூரி. வேலூர், திருப்பத்தூர், வாணியம்பாடியில் முதல் தலைமுறைப் பிள்ளைகளில் ஏராளமானோர் படிப்பது தனியார், அரசு உதவிபெறும் கல்லூரிகளில்தான். ஒரே பேருந்தில் வரும் இரண்டு பேரில் ஒருவருக்குக் கதவு திறக்கிறது, இன்னொருவருக்கு மூடியிருக்கிறது. அரசு வரிப்பணத்தில் வாங்கிய சந்தா இந்தப் பிள்ளைகளுக்கும் வர வேண்டும். கேள்விக்கு வெளியே போகிறேன் என்று தெரியும், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

உங்கள் வழி முதலில் என்-லிஸ்ட், கல்லூரிகளுக்கு மின்னிதழ்களும் மின்னூல்களும் தரும் திட்டம். கல்லூரி அதில் உறுப்பினரா என்று நூலகரிடம் கேளுங்கள். உறுப்பினர் என்றால் அவர் உங்கள் மின்னஞ்சலைச் சேர்த்ததும் பயனர் பெயர் வரும், வீட்டிலிருந்தே பார்க்கலாம். நூலகர்களைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். மாணவர்கள் கேட்பதே இல்லை என்பதுதான் பல இடத்தில் நிலைமை. என்-லிஸ்டில் எல்லாம் இருக்காது. ஆகவே பணம் கேட்கும் பக்கத்தில் நின்றுவிடாமல் கட்டுரைத் தலைப்பை ஸ்காலரில் போட்டு "ஆல் வெர்ஷன்ஸ்" பாருங்கள், ஆசிரியரே போட்ட பிரதி பெரும்பாலும் அங்கே இருக்கும். பிரவுசரில் அன்பேவால் நீட்சியைச் சேர்த்தால் சட்டப்படி இலவசமாக உள்ள பிரதியைப் பூட்டுக் குறியால் காட்டும். கரன்ட் சயின்ஸ் இதழ் இலவசம். சி.எஸ்.ஐ.ஆர். இதழ்களும் இணையத்தில் இலவசம்.

ஷோத்கங்காவை விடாதீர்கள். நம் ஆற்றைப் பற்றிய முனைவர் பட்ட ஆய்வேடுகள் அங்கே முழுதாகக் கிடைக்கும். ஒவ்வொரு இயலும் தனி பி.டி.எஃப். கோப்பாக இருக்கும். மாதிரி எடுத்த கிணறுகளின் பட்டியல் இதழ்க் கட்டுரையில் சுருங்கிப்போயிருக்கும், ஆய்வேட்டில் முழுசாக இருக்கும். குறை என்னவென்றால் பல ஆய்வேடுகள் ஸ்கேன் செய்த படங்கள், உள்ளே தேட முடியாது. தமிழில் எழுதியவற்றில் பழைய எழுத்துரு இருந்தால் யூனிகோடில் தட்டும் சொல் பொருந்தாது. அதற்குத் தலைப்பு, நெறியாளர், துறை வழியாக மேய்வதே வழி.

"இதெல்லாம் எதற்கு, ஏ.ஐ.யிடம் கேட்டால் தருமே" என்று யாராவது கருத்துப் போடுவார்கள். சொல் பட்டியல் தயாரிக்க அதைக் கேளுங்கள், தவறில்லை. அது தரும் மேற்கோளை மட்டும் சரிபார்க்காமல் எழுதாதீர்கள். இல்லாத கட்டுரைக்கு ஆசிரியர், இதழ், பக்க எண் எல்லாம் வைத்துத் தந்துவிடும். கட்டுரையின் அடையாள எண்ணான டி.ஓ.ஐ. 10 என்று தொடங்கும். அதை டி.ஓ.ஐ. தளத்தின் பெட்டியில் போட்டுப் பாருங்கள். பக்கம் திறக்கவில்லை, தலைப்பைத் தேடினாலும் எங்கும் இல்லை என்றால் அதைத் தொடாதீர்கள்.

ஒவ்வொரு தேடலுக்கும் நோட்டில் ஒரு வரி: தேதி, தரவுத்தளம், தட்டிய தொடர் அப்படியே, வந்த எண்ணிக்கை. வைவாவில் "எப்படித் தேடினீர்கள்" என்று கேட்டால் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டலாம். கட்டுரைகளைச் சேர்த்து வைக்க ஜொடேரோ மென்பொருள் போதும், இலவசம்.

இவ்வளவுக்கும் பிறகு கிடைக்காத ஒன்றிரண்டுக்கு, கட்டுரையின் முதல் பக்கத்தில் உள்ள தொடர்பு ஆசிரியருக்கு நான்கு வரி மின்னஞ்சல் எழுதுங்கள். உங்கள் பெயர், கல்லூரி, ப்ராஜெக்ட் தலைப்பு, வேண்டிய கட்டுரையின் முழுத் தலைப்பு. பழைய கட்டுரை என்றால் அந்த முகவரி மாறியிருக்கலாம், அவர் பெயரைத் தேடி இப்போது வேலை செய்யும் இடத்தின் பக்கத்தில் உள்ள முகவரிக்கு அனுப்புங்கள். பத்து நாளில் பதில் வராவிட்டால் இன்னொரு முறை, இந்தத் தடவை இரண்டாவது ஆசிரியருக்கு.