உடம்பு வலிக்கலைன்னா பலன் இல்லையா?

கேள்வி: வயது 27. திருப்பூர் பனியன் கம்பெனியில் கட்டிங் வேலை. நாலு மாதமாக வாரம் மூன்று நாள் ஜிம்முக்குப் போகிறேன். சேர்ந்தபோதும் 68 கிலோ, இப்போதும் 68 கிலோ. முன்பெல்லாம் மறுநாள் கையைத் தூக்கவே முடியாது. இப்போது வலியே இல்லை. பெஞ்ச் பிரஸ்ஸில் (பெஞ்சில் மல்லாந்து படுத்து எடையை மார்புக்கு மேலே தூக்குவது) 30 கிலோவை 8 தடவை தூக்கவே திணறியவன், இன்று 40 கிலோவை 9 தடவை தூக்குகிறேன். பெல்ட் ஒரு ஓட்டை உள்ளே போயிருக்கிறது, அவ்வளவுதான். பலன் இருக்கிறதா என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பதுங்க?
– வாசகர், அவிநாசி

பதில்: தம்பி, பதிலை நீங்களே எழுதிவிட்டு ‘அவ்வளவுதான்’ என்று தள்ளிவிட்டீர்களே! எடை மாறாமல் பெல்ட் மட்டும் உள்ளே போனால், கொழுப்பு கரைந்து சதை ஏறுகிறது என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். தராசுக்கு இரண்டும் ஒன்றுதான். ராத்திரி உப்புக் கூடினாலே காலையில் ஒரு கிலோ ஏற்றிக் காட்டும்.

வலியை விடுங்கள். மண்வெட்டி பிடித்த முதல் நாள் இடுப்பு ஒடியும், பத்தாம் நாள் ஒன்றும் தெரியாது. அதற்காகப் பத்தாம் நாள் கூலியை யாராவது பிடித்துக்கொள்வார்களா?

எப்லி என்பவர் பெயரில் ஒரு கணக்கு உண்டு. எடையைத் தடவையால் பெருக்கி, 30ஆல் வகுத்து, வந்ததை அந்த எடையோடு கூட்டுங்கள். மூச்சைப் பிடித்து ஒரே ஒரு தடவை தூக்கக்கூடிய எடை உத்தேசமாக வந்துவிடும். உங்களுக்கு அன்று 38, இன்று 52. இனி ஒரு தடவைகூட முடியாது என்கிற வரை தூக்கியிருந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும்; 10 தடவைக்கு மேலே போனால் தடுமாறும். முதல் ஓரிரு மாதத்தில் ஏறுகிற பலத்தில் பெரும்பங்கு நரம்பு பழகுவதால் வருவது, சதை மெதுவாகத்தான் வரும். அதனால் கண்ணாடியைப் பார்த்துக் கவலைப்படாதீர்கள்.

ஆனால் நோட்டில் எழுதுகிற எண்ணே பொய் சொல்லும். எனக்குச் சொல்லியது. முப்பது வயதில், எடையைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுகிற ஸ்குவாட்டில் மாதாமாதம் எடை ஏற்றி, மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தேன். ஒருநாள் கூட வந்த பையன் விளையாட்டாகப் பின்னால் ஒரு முக்காலியை வைத்தான். உட்கார்ந்து எழுகிறேன், பின்புறம் முக்காலியைத் தொடவே இல்லை! எடை ஏற ஏற, உட்காருகிற ஆழத்தைக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறேன். முக்காலியைத் தொட்டு எழச் சொன்னான். 30 கிலோவைக் கழற்ற வேண்டியதாயிற்று.

இன்னொன்று. எங்கள் ஜிம் பிளேட்டுகளை ஒருமுறை காங்கேயத்தில் ஒரு கொப்பரைக் களத்துத் தராசில் வைத்தோம். இரண்டிலும் 10 கிலோ என்று பொறித்திருக்கிறது, ஒன்று 9.3, இன்னொன்று 10.4! களத்துக்காரர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே... அதனால் ஜிம் மாறினால் பழைய எண்ணோடு ஒப்பிடாதீர்கள்.

சரி, என்ன செய்வது? பால் சொசைட்டிக் கணக்கு மாதிரி ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, எடை, தடவை, எத்தனை செட் (நிறுத்தாமல் தூக்குகிற ஒரு சுற்று), முடிக்கும்போது இன்னும் எத்தனை தடவை தூக்கத் தெம்பு பாக்கி இருந்தது. வாரம் ஒருமுறை காலையில் வெறும் வயிற்றில், தொப்புள் மட்டத்தில் டேப் வைத்து இடுப்பளவு. ஆறு வாரத்துக்கு ஒருமுறை பழைய பக்கத்தைப் புரட்டினால் போதும். நடுவில் ஒரு வாரம் எண் இறங்கினால் பதறாதீர்கள். நைட் ஷிஃப்ட் பார்த்த வாரத்தில் யாருக்கும் இறங்கும்.

கேள்வி: மாமியாருக்கு 62 வயது. தண்ணீர் பாட்டிலைத் தூக்கிப் பயிற்சி செய்கிறார். அவருக்கு எப்படி அளப்பது?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: அம்மிணி, கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு 30 விநாடியில் எத்தனை தடவை முழுசாக எழுந்து உட்காருகிறார் என்று எண்ணி, காலண்டரில் குறியுங்கள். அடுத்த மாதம் அதே நாற்காலி, அதே நேரம். பக்கத்திலேயே நில்லுங்கள். பாட்டில் பயிற்சி கைக்கு மட்டும்தான் என்பதால், இந்த எண் ஏற வேண்டுமென்றால் தினமும் நாற்காலியில் எழுந்து உட்காருவதையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.