கப்பல் சாப்பாடு: எந்த நிறுவனத்தில் என்ன எதிர்பார்க்கலாம்?

உல்லாசக் கப்பல்களின் சமையற்கூடத்தில் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். சூப் பிரிவில் ஆரம்பித்து, கடைசி மூன்று வருடம் பெரிய உணவறைக்குத் தட்டுகளை அனுப்பும் வரிசையில் நின்றேன். வேலையை விட்ட பிறகு பயணியாகவும் பல நிறுவனங்களின் கப்பல்களில் போயிருக்கிறேன். வந்திருந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டுப் பதில் எழுதியிருக்கிறேன்.

சாப்பாட்டுக்கு எந்த நிறுவனம் சிறந்தது? சுற்றி வளைக்காமல் ஒரே ஒரு பெயர் சொல்லுங்கள்.

ஓஷியானியா. 2003-இல் கப்பல் விடத் தொடங்கிய காலத்திலிருந்தே சாப்பாட்டைத்தான் முன்னால் நிறுத்துகிறார்கள். பிரெஞ்சு சமையற்கலைஞர் ஷாக் பெப்பான் ஆரம்பத்திலேயே அவர்களுடைய சமையல் பிரிவுக்குத் தலைமை ஏற்றவர். பெரிய கப்பல்களில் ஆசிய உணவுக்கு ரெட் ஜிஞ்சர், ஸ்டீக்குக்கு போலோ கிரில், இத்தாலிய உணவுக்கு டோஸ்கானா என்று தனித்தனி உணவகங்கள் உண்டு. எதற்கும் கூடுதல் கட்டணம் கிடையாது.

பெயர் கேட்டீர்கள், சொல்லிவிட்டேன். அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது, அது தெரிந்தால் எந்த நிறுவனத்தையும் நீங்களே எடை போடலாம். ஓஷியானியாவின் விஸ்டா கப்பலில் சுமார் 1,200 பயணிகள். ராயல் கரீபியனின் ஐகான் ஆஃப் தி சீஸ் கப்பலில் அறைக்கு இரண்டு பேர் என்று வைத்தாலே 5,610 பேர். ஒரே நேரத்தில் எத்தனை தட்டு வெளியே போக வேண்டும் என்பதுதான் ருசியைத் தீர்மானிக்கிறது. நாற்பது பேருக்குச் சமைக்கும்போது மீனை ஆர்டர் வந்த பிறகு கல்லில் போடலாம். ஆயிரம் பேர் ஒன்றாக உட்காரும்போது அது முடியாது, முன்கூட்டியே செய்து சூடாக வைத்துத்தான் ஆக வேண்டும். இரண்டு இடத்திலும் சமையல்காரரின் கைத்திறன் ஒன்றாகவே இருக்கலாம், தட்டில் வருவது வேறாக இருக்கும்.

பெரிய உணவறையில் ஸ்டீக் ஒருநாளும் கேட்ட பதத்தில் வருவதில்லை. நான்கு கப்பல் பார்த்துவிட்டேன். ஏன் இப்படி?

இது நான் வருடக்கணக்கில் நின்று பார்த்த விஷயம், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பெரிய உணவறைக்கான இறைச்சியை முதலில் மேலாகச் சிவக்க வைத்துவிடுவோம். பிறகு பதம் வாரியாகத் தட்டங்களில் பிரித்து, மின்சார ஓவனில் முடித்து, சூடான பெட்டிகளில் வைப்போம். பெட்டியில் இருக்கும் நேரத்திலும் உள்ளே வேகிக்கொண்டேதான் இருக்கும். பத்து நிமிடம் தாமதித்தால், நடுவில் சிவப்பாக இருக்க வேண்டிய மீடியம் ரேர், இன்னும் ஒரு படி வெந்து மீடியமாகிவிடும். வெயிட்டர் உங்கள் மேஜைக்கான எல்லாத் தட்டுகளையும் ஒன்றாக எடுத்து, மேலே மூடி போட்டு, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு வருவார். அந்த மூடிக்குள் இருக்கும் ஆவியும் தன் வேலையைச் செய்யும்.

இன்னொன்று, கப்பல்களில் தீ விபத்துதான் பெரிய பயம். அதனால் சமையற்கூடங்களில் திறந்த நெருப்பு பொதுவாக இருக்காது, எல்லாம் மின்சார அடுப்புகள்தான். நெருப்பில் வாட்டிய வாசனையை எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

என்ன செய்யலாம்? நீங்கள் விரும்புவதை விட ஒரு படி குறைந்த பதத்தில் கேளுங்கள். அல்லது, கூட்டத்தைத் தாங்கும் உணவுகளைத் தேர்ந்தெடுங்கள். மணிக்கணக்கில் மெதுவாக வேக வைத்த இறைச்சி, சூப் வகைகள், முழுதாக ரோஸ்ட் செய்து வெட்டிப் பரிமாறும் ப்ரைம் ரிப், இவையெல்லாம் ஆயிரம் பேருக்குச் செய்தாலும் தரம் குறையாது. ரொட்டியைத் தவற விடாதீர்கள். பெரும்பாலான கப்பல்களில் இரவு முழுக்க பேக்கரி இயங்கும், காலையில் நீங்கள் எடுப்பது சில மணி நேரத்துக்கு முன் சுட்டதாக இருக்கும். மாறாக மெல்லிய மீன் துண்டு, பாஸ்தா, முட்டை பெனடிக்ட் ஆகியவை காத்திருந்தால் கெட்டுப்போகிற ஜாதி. அவற்றை சிறிய உணவகத்தில் சாப்பிடுங்கள்.

திருப்பி அனுப்பத் தயங்காதீர்கள். வேறு தட்டு கேட்டால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். சாப்பிடாமல் ஒதுக்கி வைத்துவிட்டுக் கடைசி நாள் கருத்துப் படிவத்தில் எழுதுவதை விட, அங்கேயே சொல்வது எங்களுக்கும் நல்லது.

டிக்கெட்டில் சாப்பாடு சேர்த்தி என்கிறார்கள். அப்புறம் எதற்கெல்லாம் பில் வரும்?

பெரிய உணவறை, பஃபே, சில சின்னக் கடைகள், இவை அநேகமாக எல்லா நிறுவனங்களிலும் டிக்கெட்டுக்குள் அடங்கும். அந்தச் சின்னக் கடைகளில்தான் நிறுவனத்துக்கு நிறுவனம் நல்ல வித்தியாசம் இருக்கிறது. கார்னிவலில் கைஸ் பர்கர் ஜாயின்ட்டும் புளூ இகுவானா கான்டினாவும் இலவசம், இரண்டுமே வரிசையில் நின்று சாப்பிடத் தகுந்தவை. ராயல் கரீபியனின் ஓயாசிஸ் வகைக் கப்பல்களில் சென்ட்ரல் பார்க் பகுதியில் உள்ள பார்க் கஃபேயில் ரோஸ்ட் பீஃப் சாண்ட்விச் கேளுங்கள். நார்வீஜியனின் ப்ரைமா, வீவா கப்பல்களில் இன்டல்ஜ் ஃபுட் ஹால் இருக்கிறது. திரையில் ஆர்டர் கொடுத்தால் சின்னச் சின்னத் தட்டுகளாக மேஜைக்கு வரும், பணம் கிடையாது. ஹாலந்து அமெரிக்காவில் நீச்சல் குளத்துப் பக்கம் டைவ்-இன் பர்கர்.

பில் வரும் இடங்கள்: தனி உணவகங்கள், மது, பெரும்பாலான நிறுவனங்களில் குளிர்பானம். டிஸ்னி இதில் விலக்கு, சாப்பாட்டு வேளையிலும் மேல்தளத்து இயந்திரங்களிலும் சோடா இலவசம். வைக்கிங்கின் கடல் கப்பல்களில் மதியமும் இரவும் சாப்பாட்டோடு வைனும் பீரும் சேர்த்தியே. எம்எஸ்சி, கோஸ்டா போன்ற ஐரோப்பிய நிறுவனங்களின் மத்தியதரைக் கடல் பயணங்களில் மேஜைக்குத் தண்ணீர் பாட்டிலாக வரும், அது பில்லில் ஏறும். இது தெரியாமல் கோபப்பட்டவர்கள் நிறைய. ரூம் சர்வீஸ் டிஸ்னியில் இலவசம். ராயல் கரீபியனில் எளிய காலைச் சிற்றுண்டி தவிர மற்றதற்கு ஆர்டருக்கு இவ்வளவு என்று கட்டணம் உண்டு. முன்பெல்லாம் பெரிய உணவறையில் எத்தனை தட்டு வேண்டுமானாலும் கேட்கலாம். இப்போது கார்னிவலில் மூன்றாவது மெயின் தட்டிலிருந்து கட்டணம். எனக்கு இதில் வருத்தமில்லை, குப்பைக்குப் போன முழுத் தட்டுகளை அவ்வளவு பார்த்திருக்கிறேன்.

கூடுதல் பணம் கொடுத்துத் தனி உணவகத்துக்குப் போவது தேவையா? எல்லாம் இப்போது வந்த பணம் பறிக்கும் வழி என்கிறார் என் கணவர்.

இப்போது வந்தது இல்லை. 1905-இல் ஹாம்பர்க் அமெரிக்கா நிறுவனத்தின் அமெரிகா கப்பலிலேயே ரிட்ஸ் பெயரில் தனிக்கட்டண உணவகம் இருந்தது. டைட்டானிக்கில் முதல் வகுப்புப் பயணிகள், டிக்கெட்டிலேயே சாப்பாடு இருந்தும், தனிப் பணம் கொடுத்துச் சாப்பிட ஓர் உணவகம் இருந்தது.

தேவையா என்றால், முதல் பதிலில் சொன்ன கணக்கைத்தான் மறுபடி சொல்வேன். அந்தக் கட்டணத்தில் நீங்கள் வாங்குவது கூட்டமில்லாத சமையற்கூடத்தை. ஸ்டீக்கும் மீனும் உங்களுக்கு முக்கியம் என்றால் ஒரு வாரப் பயணத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ போங்கள். ஆறேழு இரவுக்கான பேக்கேஜ் எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கும். மூன்றாம் நாளே களைத்து, வேறு வழியில்லாமல் போய்ச் சாப்பிடுவார்கள். இத்தாலிய உணவகத்துக்குத் தனியாகக் கொடுப்பதை விட ஸ்டீக் உணவகத்துக்கோ, கண்ணெதிரே சமைக்கும் டெப்பன்யாகிக்கோ கொடுப்பது மேல். கட்டணத்தின் மேல் சேவைக் கட்டணமும் சேரும், நார்வீஜியனில் அது 20 சதவீதம். முதல் இரவு தனி உணவகங்கள் காலியாக இருக்கும், பல கப்பல்களில் அன்றைக்குத் தள்ளுபடியும் கிடைக்கும்.

வெர்ஜின் வாயேஜஸ் இந்தப் பிரச்சினையையே எடுத்துவிட்டது. அங்கே பஃபேயும் இல்லை, பெரிய உணவறையும் இல்லை. இருப்பதெல்லாம் சிறிய உணவகங்கள், எல்லாம் டிக்கெட்டுக்குள். பெரியவர்கள் மட்டும் போகும் கப்பல் என்பதை மறந்துவிட வேண்டாம்.

அறையின் விலையைப் பொறுத்துச் சாப்பாடும் மாறுமா?

சில நிறுவனங்களில் மாறும். கியூனார்டில் சாதாரண அறைகளுக்கு பிரிட்டானியா என்ற உணவறை, உயர்ந்த அறைகளுக்கு பிரின்சஸ் கிரில், அதற்கும் மேலே குயின்ஸ் கிரில். செலிபிரிட்டியில் அக்வாகிளாஸ் என்ற வகை அறைக்காரர்களுக்கு புளூ என்ற உணவறை, அதற்கும் மேலான சூட் (suite) அறைக்காரர்களுக்கு லுமினே. அறைக்குச் செலவழிக்கலாமா, தனி உணவகத்துக்குச் செலவழிக்கலாமா என்று யோசிப்பவர்கள் அக்வாகிளாஸ் விலையை ஒருமுறை பாருங்கள். ஒவ்வொரு இரவும் சிறிய உணவறை கிடைக்கிறது.

நேரம் குறித்த மேஜையா, விரும்பிய நேரமா?

2000-இல் நார்வீஜியன் ஃப்ரீஸ்டைல் என்று தொடங்கியதிலிருந்து விரும்பிய நேர முறை பரவிவிட்டது. ராயல் கரீபியனில் மை டைம், கார்னிவலில் யுவர் டைம் என்று பெயர்கள் வேறு. சுதந்திரம் நல்லதுதான். ஆனாலும் நான் நேரம் குறித்த மேஜையைத்தான் எடுப்பேன். அதே வெயிட்டர் தினமும் வருவார். இரண்டாம் நாளே உங்களுக்கு வெங்காயம் பிடிக்காது என்று தெரிந்துகொள்வார், மூன்றாம் நாள் எந்தத் தட்டு அன்றைக்குச் சரியில்லை என்று மெதுவாகச் சொல்லிவிடுவார். அந்த ஒரு வார்த்தைக்கு விலையே இல்லை. விரும்பிய நேர முறையை எடுத்தால் ஏழு மணியைத் தவிருங்கள்.

ஆறு வயதும் ஒன்பது வயதுமாக இரண்டு பிள்ளைகள். அவர்களை வைத்துக்கொண்டு நிம்மதியாகச் சாப்பிட முடியுமா?

டிஸ்னியில் முடியும். மூன்று உணவகங்களுக்குச் சுழற்சி முறையில் போவீர்கள், உங்கள் வெயிட்டர்களும் கூடவே வருவார்கள். பிள்ளைகளின் சாப்பாட்டை முதலில் கொண்டுவரச் சொல்லுங்கள். உணவின் நுட்பம் என்று பார்த்தால் அங்கே பெரியவர்களுக்கான பாலோ உணவகம்தான் உயரத்தில் இருக்கிறது, அதற்குத் தனிக்கட்டணம்.

எனக்குக் கடலை அலர்ஜி, மனைவி பால், முட்டைகூடச் சேர்க்காத வீகன். நம்பிப் போகலாமா?

போகலாம், ஆனால் சொல்வதை மூன்று முறை சொல்ல வேண்டும். பதிவு செய்யும்போது எழுத்தில் சொல்லுங்கள், குறைந்தது ஒன்றரை மாதத்துக்கு முன்பாவது. ஏறிய அன்று ஹெட் வெயிட்டரை நேரில் பாருங்கள். பிறகு ஒவ்வொரு உணவகத்திலும், ஒவ்வொரு தடவையும் சொல்லுங்கள்.

காரணம் இருக்கிறது. நான் வேலை பார்த்த ஒரு கப்பலில், எள் அலர்ஜி உள்ள ஒரு பெண்மணி முன்பே மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். அது அலுவலகத்தில் பதிவானது, பெரிய உணவறைக்கும் வந்தது. மேல்தளத்து கிரில்லுக்கு மட்டும் போய்ச் சேரவில்லை. அவர் கேட்ட பர்கரின் பன்னில் எள். நல்லவேளையாகக் கடிக்கும் முன் பார்த்துவிட்டார். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இன்றைக்கும் இதைப் பற்றி யார் கேட்டாலும், எங்கள் மேல் நம்பிக்கை வைத்துச் சும்மா இருந்துவிடாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

பெரும்பாலான கப்பல்களில் மறுநாள் பட்டியலை முந்தின இரவே கொண்டுவந்து காட்டுவார்கள். அதிலிருந்து தேர்ந்தெடுத்தால் உங்களுக்கென்று தனியாகச் சமைப்பார்கள். கூட்டத்தில் இல்லாமல் தனித் தட்டாக வருவதால் அது மற்றவர்களுடையதை விட நன்றாகவே இருக்கும். பஃபே உங்களுக்கு வேண்டாம், கரண்டிகள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். வீகனுக்கு ஓஷியானியா நம்பகமானது, 2017-இலேயே தாவர உணவுக்கென்று விரிவான பட்டியல் கொண்டுவந்தவர்கள்.

பஃபேயில் சாப்பிட்டால் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளுமா?

அமெரிக்கத் துறைமுகங்களைத் தொடும் வெளிநாட்டுப் பயணக் கப்பல்களை அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம், சிடிசி, முன்னறிவிப்பில்லாமல் வந்து சோதிக்கும். 100-க்கு மதிப்பெண் போடுவார்கள், 85-ம் அதற்குக் கீழும் தோல்வி. முடிவுகள் பொதுவில் கிடைக்கும், பதிவு செய்யும் முன் உங்கள் கப்பலின் பெயரைத் தேடிப் பாருங்கள். அந்தச் சோதனை நாட்களில் குளிர்பெட்டி வெப்பநிலையிலிருந்து பாத்திரம் துலக்கும் இடம் வரை எல்லாவற்றையும் பார்ப்பார்கள், எனக்கு நேரில் தெரியும்.

வாந்தியும் வயிற்றுப்போக்கும் தரும் நோரோவைரஸ் பெரும்பாலும் பயணிகளின் கை வழியாகத்தான் பரவுகிறது. வாசலில் வைத்திருக்கும் சானிடைசர் அதற்கு முழுசாக உதவாது. சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கரண்டி பிடித்துப் பரிமாறிய பிறகும், சாப்பிடத் தொடங்கும் முன், இன்னொரு முறை கழுவினால் நல்லது.

இரவு உணவுக்குக் கோட்டு கட்டாயமா?

கியூனார்டில், எல்லோரும் விருந்துக்குப் போவதுபோல் உடுத்தும் காலா இரவுகளில் எதிர்பார்ப்பார்கள். வைக்கிங், வெர்ஜின் கப்பல்களில் அப்படிப்பட்ட இரவே கிடையாது. மற்றவற்றில் காலர் வைத்த சட்டையும் பேன்ட்டும் போதும்.

வீட்டுச் சாப்பாடு, ரைஸ் குக்கர் கொண்டுபோகலாமா?

குக்கர், கெட்டில் இரண்டையும் பல நிறுவனங்கள் ஏறும்போதே வாங்கி வைத்துவிடும், தீ பயம்தான். சமைத்த உணவும் அனுமதி இல்லை. பிரிக்காத பாக்கெட் தின்பண்டங்கள் பரவாயில்லை. கப்பலிலிருந்து பழத்தைப் பையில் போட்டுக்கொண்டு கரைக்கு இறங்காதீர்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து துறைமுகங்களில் ஒரு ஆப்பிளுக்குக்கூட அபராதம் போடுவார்கள்.

ஏறிய அன்று மதியம் பஃபேயில் உட்கார இடமே இல்லை. எல்லா நிறுவனத்திலும் இப்படித்தானா?

அன்றைக்கு எல்லாக் கப்பலிலும் அப்படித்தான். அறைகள் தயாராகாததால் எல்லோரும் பெட்டியோடு அங்கேதான் வருவார்கள். அந்த நேரத்தில் பர்கர் கடைக்கோ கஃபேக்கோ போய்விடுங்கள். பஃபேதான் வேண்டும் என்றால் ஒன்றரை மணிக்கு மேல் போங்கள், முதல் அலை ஓய்ந்து தட்டங்கள் புதிதாக நிரம்பியிருக்கும்.