38 வயதில் சினைப்பைகளை எடுத்தால் மாதவிடாயும் தாம்பத்தியமும் என்னவாகும்?

கேள்வி: அக்காவுக்கு 38 வயது, இரண்டு குழந்தைகள். பிஆர்சிஏ1 மரபணுவில் பிறழ்வு இருக்கிறது, புற்றுநோய் இல்லை. சினைப்பைகளையும் சினைக்குழாய்களையும் எடுத்துவிடச் சொல்கிறார்கள். அதன்பின் எப்படி இருக்கும்?

எடுக்கச் சொன்னது சரியான ஆலோசனைதான். பிஆர்சிஏ1 பிறழ்வு உள்ள பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 40 பேருக்கு வாழ்நாளில் சினைப்பைப் புற்றுநோய் வருகிறது. ஸ்கேனோ சிஏ-125 ரத்தப் பரிசோதனையோ அதை ஆரம்பத்திலேயே நம்பும்படி காட்டிக்கொடுப்பதில்லை. அதனால் பிள்ளைப்பேறு முடிந்ததும் 35–40 வயதுக்குள் எடுக்கிறார்கள். இதேபோன்ற இன்னொரு மரபணுவான பிஆர்சிஏ2-இல் பிறழ்வு என்றால் 40–45 வரை பொறுக்கலாம். ஆனால் அறுவையைப் பற்றி விளக்குகிற அளவுக்கு, அதற்குப் பிந்தைய வாழ்க்கையைப் பற்றி யாரும் உட்காரவைத்துச் சொல்வதில்லை. ஹார்மோன் திட்டம் அறுவைக்கு முன்பே கையில் இருக்க வேண்டும்.

மாதவிடாய் தானாக நிற்கும்போது, சினைப்பைகள் சுரக்கும் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் சில வருடங்களாக ஏறி இறங்கிக் குறையும். அறுவையில் அது ஓரிரு நாட்களிலேயே விழுந்துவிடும். திடீர் உடற்சூடு, இரவில் நைட்டி நனையும் வியர்வை, தூக்கமின்மை, சிடுசிடுப்பு எல்லாம் முதல் சில வாரங்களிலேயே வரலாம். டெஸ்டோஸ்டிரோனும் பாதி அளவுக்குக் குறைவதால் ஆசையும் மங்கும். பிறப்புறுப்பு வறட்சி சற்றுத் தாமதமாக வரும். உடற்சூடு காலப்போக்கில் தணியும், வறட்சி தானாகத் தணியாது. வறட்சியால் உறவின்போது வலிக்கிறது, அடுத்த முறை வலிக்குமோ என்று இடுப்புத்தளத் தசை தானே இறுகுகிறது, இறுகினால் இன்னும் வலிக்கிறது. மனைவி விலக, கணவர் அதை வெறுப்பு என்று எடுத்துக்கொள்கிறார். டாக்டரைப் பார்க்கும்போது அவரும் உடன் இருக்கட்டும்.

"புற்றுநோய்க்குப் பயந்து எடுத்துவிட்டு, மறுபடி ஹார்மோனா?" என்ற பயம் எல்லோருக்கும் வரும். மார்பகப் புற்றுநோய் வராத பிறழ்வுப் பெண்கள் குறுகிய காலம் மாற்று ஹார்மோன் எடுத்தால் அந்த அபாயம் கூடுவதாக இதுவரையான ஆய்வுகள் காட்டவில்லை. எடுக்காமல் விட்டால் எலும்பும் இதயமும் பல வருடங்கள் முன்கூட்டியே தேயத் தொடங்கும். ஆகவே 50 வயதை ஒட்டி வரை எடுப்பதே பொதுவான பரிந்துரை. ஹாலிவுட் நடிகை ஏஞ்சலினா ஜோலி 2015-இல் இந்த அறுவைக்குப் பிறகு தோலில் ஒட்டும் ஈஸ்ட்ரோஜன் பட்டையும், கருப்பைக்குள் வைக்கும் புரோஜெஸ்டிரோன் சாதனமும் பயன்படுத்துவதாக வெளிப்படையாக எழுதினார்.

அவர் இரண்டையும் எடுத்ததற்குக் காரணம் உண்டு. கருப்பை இருக்கும்போது ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்தால் உட்சுவர் தடித்துப் புற்றாகலாம். கருப்பையையும் எடுத்திருந்தால் ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும். மாத்திரையைவிடத் தோலில் தடவும் ஜெல்லோ ஒட்டும் பட்டையோ நல்லது, ரத்தம் உறையும் அபாயம் குறைவு. அடிக்கடி நடக்கும் தவறு அளவில்தான்: 52 வயதுப் பெண்ணுக்குக் கொடுக்கும் மிகக் குறைந்த அளவை 38 வயதுப் பெண்ணுக்கும் கொடுத்துவிட்டு, "ஹார்மோன் பலிக்கவில்லை" என்று நிறுத்திவிடுகிறார்கள். இளவயதில் பட்டை 50 முதல் 100 மைக்ரோகிராம் வரை தேவைப்படலாம்.

ஜெல் போட்டும் வறட்சி போகாத பெண்கள் நிறைய. அங்கே தனியாகக் கவனிக்க வேண்டும். 10 மைக்ரோகிராம் எஸ்ட்ரடியால் (ஈஸ்ட்ரோஜனின் ஒரு வகை) மாத்திரையை இரண்டு வாரம் தினமும், பிறகு வாரம் இருமுறை பிறப்புறுப்புக்குள் வைப்பார்கள். ரத்தத்தில் மிகச் சொற்பமே கலக்கும். உறவு உண்டோ இல்லையோ, பிறப்புறுப்புக்கான மாய்ஸ்சரைசர் வாரத்தில் இரண்டு மூன்று நாள். உறவின்போது நீர் அல்லது சிலிக்கான் அடிப்படையிலான லூப்ரிகன்ட், தாராளமாக. தேங்காய் எண்ணெய் லேடெக்ஸ் ஆணுறையைக் கிழித்துவிடும். தசை இறுக்கம் வந்துவிட்டால் களிம்பு மட்டும் போதாது, இடுப்புத்தளப் பிசியோதெரபியும் டைலேட்டர் (பிறப்புறுப்பை மெல்ல விரித்துப் பழக்கும் சாதனம்) பயிற்சியும் வேண்டும்.

வலி போன பின்னும் ஆசை திரும்பாமல் அது மனதை வாட்டினால் டெஸ்டோஸ்டிரோன் ஜெல் உண்டு. ஆண்களுக்கான 50 மில்லிகிராம் பாக்கெட்டில் பத்தில் ஒரு பங்குதான் பெண்களின் தினசரி அளவு. ரத்த அளவு பார்த்துக்கொண்டே தொடர வேண்டும். மிகைப்பட்டால் முகத்தில் முடி வரும், குரல் கட்டையாகலாம், கட்டையான குரல் திரும்பாது. ஆறு மாதத்தில் பலன் தெரியாவிட்டால் நிறுத்திவிடலாம்.

ஏற்கெனவே மார்பகப் புற்றுநோய் வந்த பெண்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. உடல் முழுதும் செல்லும் ஹார்மோன் அவர்களுக்குப் பெரும்பாலும் கூடாது. உடற்சூட்டுக்கு ஹார்மோன் அல்லாத மருந்துகளான வென்லாஃபாக்சின் அல்லது இரவில் காபாபென்டின் தருவார்கள். மார்பகப் புற்றுநோய் மருந்தான டாமோக்சிஃபென் எடுப்பவர்கள், மனச்சோர்வுக்கும் உடற்சூட்டுக்கும் தரும் பராக்ஸிடினைத் தவிர்க்க வேண்டும், அது டாமோக்சிஃபெனின் வேலையைக் கெடுக்கும்.

அறுவைக்கு முன் அக்கா கேட்க வேண்டியவை: கருப்பையும் போகிறதா, ஜெல்லை எந்த நாளில் தொடங்குவது, எலும்பு அடர்த்தி ஸ்கேன் எப்போது, எடுத்த சினைக்குழாய்களில் புற்று மறைந்திருக்கிறதா என்று மெல்லிய துண்டுகளாக வெட்டிப் பரிசோதிப்பார்களா. இப்போது குழாய்களை மட்டும் எடுத்துச் சினைப்பைகளைப் பிறகு எடுக்கும் முறையை நெதர்லாந்தில் ஆய்ந்தபோது மெனோபாஸ் தொல்லைகள் குறைந்திருந்தன. புற்றுநோயைத் தடுப்பதில் அது சமமா என்பது இன்னும் நிரூபணமாகவில்லை. அதனால் பிஆர்சிஏ1 உள்ளவர் 38 வயதில் அதை நம்பித் தள்ளிப்போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.