வேலைச் சந்தையில் முதலாளி, ஊழியர் இருவரில் யார் கை ஓங்கியிருக்கிறது என்று பார்த்துப் படிப்பைத் தேர்ந்தெடுக்கலாமா?

மதிப்பிற்குரிய ஐயா,

ஆட்குறைப்புச் செய்திகளைப் படித்த பிறகு மகளைக் கணினித் துறையில் சேர்ப்பதா வேண்டாமா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் அச்சம் நியாயமானதே. ஆனால் இன்றைய செய்தியை வைத்து நான்கு ஆண்டுப் படிப்பைத் தீர்மானிப்பது சரியாகாது என்பதே என் கருத்து.

அமெரிக்காவில் 2021 நவம்பர் மாதத்தில் மட்டும் ஏறத்தாழ 45 லட்சம் பேர் தாமாகவே வேலையை விட்டு விலகினார்கள். ஆள் கிடைக்காத நிறுவனங்கள் ஊதியத்தை உயர்த்தியும் வீட்டிலிருந்தே பணிபுரிய இசைந்தும் அவர்களை ஈர்க்க முயன்றன. அடுத்த ஆண்டு நவம்பரில் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா 11,000 பேரையும், 2023 ஜனவரியில் கூகுள் ஏறத்தாழ 12,000 பேரையும் நீக்குவதாக அறிவித்தன. இந்த இடைவெளியில் ஊழியர்களின் திறமை குறைந்துவிடவில்லை. வட்டி விகிதம் ஏறியது, பெருந்தொற்றுக் காலத்தில் அளவுக்கு மீறி ஆள் சேர்த்த நிறுவனங்கள் செலவைச் சுருக்கின, அவ்வளவுதான். உங்கள் மகள் பட்டம் பெறும் ஆண்டில் நிலைமை எப்படியிருக்கும் என்று எவராலும் உறுதி கூற முடியாது. கூறுபவரை நம்பவும் வேண்டாம்.

நீங்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. பிடிக்காத வேலையை விட்டு இன்னொன்றுக்குச் செல்லும் வாய்ப்பு ஊழியருக்கு இருக்கும்வரைதான் முதலாளி அவர் பேச்சுக்குச் செவிசாய்க்கிறார். அந்த வாய்ப்பை அடைக்கும் முயற்சியும் பழையதே. கொள்ளைநோயால் உழைப்பாளர் எண்ணிக்கை பெரிதும் குறைந்த இங்கிலாந்தில், நோய்க்கு முந்தைய கூலிக்கு மேல் கேட்கக்கூடாது என்று 1351-இல் சட்டமே இயற்றினார்கள். இன்று அதே வேலையைப் பணி ஒப்பந்தத்தின் சில பிரிவுகள் சத்தமில்லாமல் செய்கின்றன: விலகுவதாகச் சொன்ன பிறகும் பணிபுரிய வேண்டிய நீண்ட முன்னறிவிப்புக் காலம், இடையில் விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பித் தரவேண்டும் என்ற நிபந்தனை, போட்டி நிறுவனத்தில் சேரத் தடை. இந்தத் தடை கலிஃபோர்னியாவில் பெரும்பாலும் செல்லாது. வேறு பல இடங்களில் செல்லும். சம்பளத் தொகையை மட்டும் பார்த்துக் கையெழுத்திடும் இளைஞர்களே இதில் அதிகம் சிக்குகிறார்கள்.

ஆகவே, ஆர்வமிருந்தால் மகள் கணினித் துறையிலேயே படிக்கட்டும். ஒரு குறிப்பிட்ட மென்பொருளை மட்டும் கற்றுத்தரும் படிப்பைவிட, கணிதமும் அடிப்படைக் கோட்பாடுகளும் வலுவாக உள்ள பாடத்திட்டம் பிற துறைகளுக்கு மாறவும் உதவும். வேலை கிடைத்தபின் சில மாதச் செலவுக்கான சேமிப்பு கையிலிருந்தால், தகாத நிபந்தனையை மறுக்கும் துணிவும் வரும். முதல் பணி அழைப்பு வரும்போது, ஊதிய விவரத்தோடு முழு ஒப்பந்தத்தையும் கேட்டு வாங்கி, தொழிலாளர் சட்டம் அறிந்த ஒருவரிடம் காட்டிய பிறகே மகள் கையெழுத்திடட்டும்.