மாரடைப்புக்குப் பிறகு ஆண் ஹார்மோன் ஊசி போடலாமா?

கேள்வி: எனக்கு 54 வயது. ரப்பர் பால்வெட்டுத் தொழில். ஆறு வாரத்துக்கு முன் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். உடம்பில் வலுவே இல்லை. வயிறு மட்டும் பெருக்கிறது. சாயங்காலம் ரத்தம் கொடுத்துப் பார்த்ததில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் 240 ng/dL. ஊசி போட்டால் சீக்கிரம் வேலைக்குப் போகலாம் என்கிறார் ஜிம் நடத்தும் ஒருவர்.
- வாசகர், குலசேகரம்

பதில்: இப்போது வேண்டாம். அந்த 240-ஐ நம்பவும் வேண்டாம். இந்த ஹார்மோன் காலையில் ஏறி, சாயங்காலம் இறங்கும். போதாததற்கு, மாரடைப்பு போன்ற பெரிய நோயே அதைச் சில வாரங்களுக்குக் குறைத்துவிடும். உடம்பு தேறியபின், வெறும் வயிற்றில், காலை 7 முதல் 10 மணிக்குள், இரண்டு வெவ்வேறு நாட்களில் பாருங்கள். விடியுமுன் எழுந்து வெட்டுக்குப் போன நாளில் வேண்டாம். தூக்கம் கெட்டாலும் அளவு குறையும். இரண்டு முறையும் 300-க்குக் கீழே இருந்து, அறிகுறியும் இருந்தால்தான் குறைபாடு.

வயிறு ஏன் பெருக்கிறது? சாப்பாட்டிலிருந்து வரும் சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வது தசை. டெஸ்டோஸ்டிரோன் குறைந்தால் தசை மெலியும், வயிற்றுக்குள் கொழுப்பு சேரும். அந்தக் கொழுப்பிலுள்ள அரோமடேஸ் என்ற நொதி, இருக்கிற ஹார்மோனையும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனாக மாற்றும். இந்தச் சுழலை வயிற்றுப் பக்கமிருந்தே உடைக்கலாம்: எடை இறங்கினால் ஹார்மோன் தானே ஏறும். மரச்சீனிக் கிழங்கைப் பாதியாக்கி, சாளை மீனோ அயலை மீனோ கூடுதலாக வையுங்கள், பொரிக்காமல் குழம்பாக. மருத்துவர் சம்மதித்தபின் சமதரையில் 10 நிமிடம், இருவேளை நடை. பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும். படிப்படியாக 30 நிமிடம். தோட்டத்து ஏற்றம் பிறகு.

ஊசியால் சிவப்பணு பெருகி ரத்தம் கெட்டிப்படும். ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைக் காட்டும் ஹெமடோக்ரிட் அளவு 54 சதவீதத்தைத் தாண்டினால் நிறுத்தியே ஆகவேண்டும். 2023-இல் வெளியான டிராவர்ஸ் ஆய்வில், குறைபாடு உறுதியான சுமார் 5,200 ஆண்களிடம் தோலில் பூசும் ஹார்மோன் ஜெல் மாரடைப்பைக் கூட்டவில்லை. ஆனால் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற தாறுமாறான இதயத்துடிப்பும், நுரையீரலில் ரத்தக்கட்டியும் அதிகம் வந்தன. அதுவும் கண்காணிப்போடு கொடுத்த ஜெல். ஜிம்மில் போடுகிற ஊசிக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. மாரடைப்பு வந்து ஆறு மாதத்துக்குள் இந்தச் சிகிச்சையைத் தொடங்கக்கூடாது என்பதே ஹார்மோன் நிபுணர்களின் வழிகாட்டுதல்.

மாரடைப்புக்குப் பின் இதயத்துடிப்பைக் குறைக்க மெட்டோபிரோலால் மாத்திரை கொடுத்திருந்தால், சோர்வுக்கு அதுவும் காரணமாகலாம். நீங்களாக நிறுத்தாதீர்கள், அளவை மாற்றலாமா என்று கேளுங்கள். ரத்தசோகை, தைராய்டு, எக்கோவில் இதயத்தின் பம்பிங், மனச்சோர்வு எல்லாம் பார்த்த பிறகே ஹார்மோன் பக்கம் வரவேண்டும்.

கேள்வி: மாரடைப்புக்குப் பின், ஆண்மைக்குறைவுக்கான சில்டெனாஃபில் (வயாகரா) மாத்திரை எடுக்கலாமா?
- வாசகர், மார்த்தாண்டம்

பதில்: நெஞ்சுவலிக்கு நாக்குக்கடியில் வைக்கும் சார்பிட்ரேட்டோ வேறு நைட்ரேட் மருந்தோ பயன்படுத்துகிறவர் தொடவே கூடாது, ரத்த அழுத்தம் சட்டென்று விழுந்து உயிருக்கே ஆபத்தாகும். மற்றவர்களும் இதய மருத்துவரைக் கேட்டே எடுக்கவேண்டும். எடுத்தபின் நெஞ்சுவலி வந்தால், மாத்திரை போட்டதை மறைக்காமல் சொல்லுங்கள்.