ஆண்டவர் மன்னித்துவிட்டார், வீட்டார் நம்பவில்லை

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு 47 வயது. திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறேன். இருபது வருஷம் குடித்தவன். போன வருஷத் தவக்காலத்தில் பாலையூற்று லூர்து மாதா கோயிலுக்கு நடந்தே போய், ஃபாதரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்து, அன்றோடு விட்டேன். இன்றைக்கு 16 மாதம், ஒரு சொட்டுத் தொடவில்லை. ஞாயிறு பூசை தவறுவதில்லை. இரவில் செபமாலையை நான்தான் தொடங்குகிறேன்.

ஆனால் வீட்டில் என்னை ஒரு மனுஷனாக மதிப்பதில்லை. மனைவி சம்பளத்தை எண்ணி வாங்கி, அலுமாரியில் பூட்டிவிடுகிறாள். பிந்தி வந்தால் மகள் கிட்ட வந்து மணந்து பார்க்கிறாள். தங்கச்சி தன் மகளின் கலியாணத்துக்கு நேரில் வந்து சொல்லவில்லை, போனில்தான் சொன்னாள். பைபிள் கதையில், சொத்தை அழித்துவிட்டுத் திரும்பி வந்த ஊதாரி மகனுக்குத் தகப்பன் மோதிரம் போட்டார். எனக்கு அலுமாரிச் சாவிகூட இல்லை.

சண்டை வந்தால் மனைவி பழசெல்லாம் இழுப்பாள். தோணி எஞ்சினை விற்றது, சீட்டுக் காசைக் குடித்தது, எல்லாம் வரும். அவளுடைய காப்புச் சோடி காணாமல் போனதை மட்டும் சொல்லமாட்டாள். அவளுக்கு ஒப்பரேசன் நடந்தபோது உதவிக்கு வந்த மூதூர்ப் பிள்ளைதான் எடுத்தது என்று இன்னும் நினைக்கிறாள். அந்தப் பிள்ளையும் அப்போதே நின்றுவிட்டது. அது ஆறு வருஷத்துக் கதை, விடுங்கள். 16 மாதம் குடிக்காதவனை இப்படியா நடத்துவது? ஆண்டவரே மன்னித்துவிட்டார். இவர்களை எப்படி நம்பவைப்பது?

பதில்

தம்பி,

16 மாதம் சின்னக் காரியம் இல்லை. அதற்கு நீங்கள் பட்ட பாட்டை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். அலுமாரிச் சாவியும் மகள் மணந்து பார்ப்பதும் இருக்கட்டும். இருபது வருஷம் பயந்தவர்களுக்கு இன்னும் காலம் வேண்டும்.

நான் திரும்பத் திரும்ப வாசித்தது அந்தக் காப்பு விஷயத்தைத்தான். அந்தப் பிள்ளை எடுத்தது என்று மனைவி "இன்னும் நினைக்கிறாள்" என்கிறீர்கள். அப்படியானால் அந்தப் பிள்ளை எடுக்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். யார் எடுத்தது என்பதும் தெரியும். அந்தப் பிள்ளை தானாக நிற்கவில்லை தம்பி, கள்ளி என்ற பெயரோடு போனாள்.

ஊதாரி மகனைச் சொன்னீர்கள். அவன் அழித்தது தன் பங்கை. நீங்கள் அழித்தது இன்னொருத்தி பெயரை. அந்தக் கதை வரும் லூக்கா நற்செய்தியிலேயே நாலு அதிகாரம் தள்ளிப் பாருங்கள், உங்கள் கதை அங்கே இருக்கிறது. சக்கேயு வரி வசூலித்தவர். யாரும் கேட்காமலே எழுந்து நின்று, ஏமாற்றி வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருவேன் என்றார். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் இதைத்தான் சொல்கிறது. பாவமன்னிப்பு பாவத்தைப் போக்கும், ஆனால் பாவத்தால் வந்த கேட்டை நாம்தான் சரிசெய்ய வேண்டும். களவெடுத்ததைத் திருப்பிக் கொடுப்பதையும், கெடுத்த பெயரை மீட்டுக் கொடுப்பதையும் உதாரணமாகவே அது சொல்கிறது. உங்கள் தலையில் இரண்டுமே இருக்கின்றன.

வீட்டார் உங்களைச் சந்தேகிப்பது நீங்கள் செய்ததற்காக. அந்தப் பிள்ளை சந்தேகத்தைச் சுமப்பது செய்யாததற்காக, அதுவும் ஆறு வருஷமாக. நம்பாத கண்கள் எப்படிச் சுடும் என்று உங்களுக்கு இப்போது நன்றாகவே தெரியும். அதனால்தான் அந்த வரி உங்களை அறியாமல் கடிதத்துக்குள் வந்திருக்கிறது என்று நினைக்கிறேன். குடியை விட்டு வந்தீர்கள், சரி. ஆனால் இந்த இடத்துக்கு நீங்கள் இன்னும் திரும்பி வரவில்லை.

முதலில் மனைவியிடம் சொல்லுங்கள். "ஃபாதர் மன்னித்துவிட்டார்" என்று தொடங்க வேண்டாம். அவள் கத்துவாள், கத்தட்டும். பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்லாமல் விட்டிருந்தால் அங்கேயும் போய்ச் சொல்லுங்கள். அன்று மனம் குடியைத் தேடும், தனியாக இருக்காதீர்கள்.

அப்புறம் மூதூருக்குத் தகவல் சொல்லிவிட்டு, இரண்டு பேருமாகப் பஸ் ஏறுங்கள். அவளைக் கள்ளி என்று நினைத்த மனைவியும் கூட வரட்டும். அந்தப் பிள்ளை உங்களை மன்னிக்காமல் போகலாம். அது அவள் இஷ்டம். காப்பை எடுத்தது நான்தான் என்று அவளுடைய தாய் தகப்பனுக்கு முன்னால், சத்தமாகச் சொல்லிவிட்டு வாருங்கள்.