லோடு ஏற்றும் மகனும், அவனைச் சத்தம் போட்ட டிரைவரும்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கம்யூனிட்டி காலேஜில் படிக்கும் உங்கள் மகன், பார்சல் கூடத்தில் விடியற்காலை லோடு ஏற்றும் பகுதிநேர வேலையில் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. போன செவ்வாய்க்கிழமை டிரைவர் ஒருவர் எல்லார் முன்னாலும் அவனைச் சத்தம் போட்டிருக்கிறார். "இனிமே போகமாட்டேன்" என்று தம்பி சொல்கிறான். "படிக்கிற பிள்ளைக்கு இதெல்லாம் தேவையா, நின்றுவிடச் சொல்லட்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்போது நிற்க வேண்டாம், இன்னும் ஒரு மாதம் போகட்டும். அந்த ஒரு மாதத்துக்குள் அவன் அந்த டிரைவரோடு பேசிப் பழகிவிட வேண்டும். வேலையை விடுவதா, தொடர்வதா என்பதை அப்புறம் முடிவு செய்யலாம்.

அவன் வேலை பார்க்கும் நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். தொழில் எப்படி நடக்கிறது என்று விளக்க மட்டும், பெரிய பார்சல் நிறுவனமான யுபிஎஸ்-ஐ எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவில் ஒருவர் லோடு ஏற்ற, இன்னொருவர் கொண்டுபோய்க் கொடுக்கும் இந்த முறை அங்கே பல காலமாக வேரூன்றிய ஒன்று.

அங்கே விடியற்காலை வேலைக்கு 'ப்ரீலோட்' என்று பெயர். 3 மணி, 4 மணிக்கே தொடங்கிவிடும். பெரிய டிரெய்லர்களிலிருந்து இறக்கிய பெட்டிகள் பெல்ட்டில் வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொன்றிலும் சின்னதாக ஒரு ஸ்டிக்கர் இருக்கும். எந்த வண்டியில், எந்த இடத்தில் வைக்க வேண்டும் என்று அது சொல்லும். வண்டிக்குள் இரண்டு பக்கமும் தட்டுகள், 1000 முதல் 8000 வரை எண் போட்டிருக்கும். தட்டில் அடங்காத பெட்டிகள் தரைக்கும் பின்கதவுப் பக்கத்துக்கும் போகும். ஒரு லோடர் மூன்று, நான்கு வண்டிகளைக் கவனிக்க வேண்டும். ஒரு வண்டிக்குள் ஏறி இறங்குவதற்குள் மற்ற வண்டிகளுக்கான பெட்டிகள் பெல்ட்டில் கடந்து போய்க்கொண்டிருக்கும்.

காலை 9 மணிவாக்கில் டிரைவர் வருவார். அதே நேரத்தில் லோடர் வீட்டுக்குக் கிளம்புவான். ஒரே வண்டியை நம்பி வேலை செய்கிற இந்த இரண்டு பேரும் நேருக்கு நேர் பார்த்துக்கொள்வது பத்துப் பதினைந்து நிமிடம்தான். சில நாளில் அதுவும் கிடையாது. தம்பி செய்த வேலை எப்படியிருந்தது என்பது அவன் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில், எங்கோ ஒரு தெருவில் டிரைவருக்குத்தான் தெரியவரும். அவர் அதைச் சொல்ல வேண்டுமென்றால் மறுநாள் காலை வரை காத்திருக்க வேண்டும். ஒரு நாள் முழுக்க மனதில் வைத்திருந்த எரிச்சல் அந்தப் பத்து நிமிடத்தில் கொட்டும்போது அது சத்தமாகத்தான் வெளியே வருகிறது. சத்தம் போட்டது சரி என்று நான் சொல்லவில்லை. அது எங்கிருந்து வருகிறது என்பதைத் தம்பி புரிந்துகொண்டால் அவனுக்குப் பயம் குறையும்.

டிரைவரின் ஒரு நாளை நினைத்துப் பாருங்கள். நூறு கதவுகளுக்கு மேல் ஏறி இறங்குகிறார். அவசரப் பார்சல்களில் பலவற்றைக் காலை 10.30 மணிக்குள் கொடுத்தாக வேண்டும். 2000-க்கான தட்டில் இருக்க வேண்டிய பெட்டி 7000-இல், பெரிய பெட்டி ஒன்றுக்குப் பின்னால் கிடந்தால், அந்த வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே தேட வேண்டும். இரண்டு நிமிடம் போகும். இப்படி முப்பது இடம் என்றால் ஒரு மணி நேரம் போச்சு. அதைவிட மோசம், அடுத்த டிரைவரின் பெட்டி இவர் வண்டியில் வந்துவிடுவது. இதற்கு 'மிஸ்லோட்' என்று பெயர். பாதை மாறிப் போய்க் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் நடுவழியில் அந்த டிரைவரைச் சந்தித்துக் கைமாற்ற வேண்டும், அதுவும் முடியாவிட்டால் திருப்பிக் கொண்டுவர வேண்டும். சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போகும் நேரம், காலையில் தம்பி எப்படி அடுக்கினான் என்பதில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. படிக்கிற காலத்தில் நானும் ஒரு பார்சல் கூடத்தில் லோடு ஏற்றினேன். ஒரே பெயரில் ஒரு தெருவும், ஊரின் இன்னொரு மூலையில் ஒரு முட்டுச்சந்தும் இருந்தன. இரண்டுக்குமான பெட்டிகளை ஒரு வாரம் முழுக்கக் குழப்பிக்கொண்டிருந்தேன். அந்த டிரைவர் ஐம்பது வயதைத் தாண்டியவர், அதிகம் பேசமாட்டார். வெள்ளிக்கிழமை காலை என்னை வண்டிக்குள் கூப்பிட்டு, தன்னுடைய இருக்கையில் உட்காரச் சொன்னார். "இப்போ எழுந்து உள்ளே போய், இந்த முகவரிக்கான பெட்டியை எடு" என்றார். எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. நானே அடுக்கிய வண்டி அது. பெட்டிகளின் லேபிள்கள் சுவரைப் பார்த்து இருந்தன. ஏற்றுகிற எனக்கு வசதியாக வைத்திருந்தேனே தவிர, எடுக்கிறவருக்கு வசதியாக வைக்கவில்லை. அன்றிலிருந்து எந்தப் பெட்டியை வைத்தாலும் லேபிள் நடைபாதையைப் பார்க்கும்படி வைத்தேன். கனமானது கீழே, உடையக்கூடியதன் மேல் எதுவும் இல்லை. அந்த மனிதர் எனக்குச் செலவழித்தது ஐந்து நிமிடம்.

இன்னொரு விஷயம் தம்பிக்குக் கட்டாயம் தெரிய வேண்டும். எல்லாத் தவறும் அவனுடையது கிடையாது. ஸ்டிக்கரே தப்பாக ஒட்டி வரும். கடைசி அரை மணி நேரத்தில், எந்த வண்டி எந்தத் தெருவுக்கு என்று திட்டமிடும் அலுவலக மேசையில் இருப்பவர்கள் ஒரு வண்டியின் சில தெருக்களை இன்னொரு வண்டிக்கு மாற்றிவிடுவார்கள். அடுக்கி முடித்ததைக் கலைத்து எடுத்துப் போட வேண்டியிருக்கும். ஆள் குறைவான நாளில் ஒருவனே ஐந்தாவது வண்டியையும் பார்க்க நேரும். ஆனால் டிரைவரின் கண்ணில் படுவது வண்டியின் பின்கதவில் நிற்கும் தம்பி மட்டும்தான். மேசையில் எடுத்த முடிவின் கோபம் பெல்ட்டருகே நிற்பவன் மேல் விழுகிறது. இதை எடுத்துச் சொன்னால் பெரும்பாலான டிரைவர்கள் புரிந்துகொள்வார்கள். சொல்லாமல் தலையைக் குனிந்து நின்றால், பையனுக்கு அக்கறை இல்லை என்றுதான் நினைப்பார்கள்.

நம் வீட்டுப் பிள்ளைகளிடம் நான் அடிக்கடி பார்ப்பது இதுதான். பெரியவர் திட்டினால் வாயைத் திறக்காமல் நிற்பது மரியாதை என்று நாம் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். அமெரிக்கப் பார்சல் கூடத்தில் அந்த மௌனத்தை யாரும் மரியாதையாக எடுத்துக்கொள்வதில்லை. கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும். டிரைவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடலாம், அங்கே அது இயல்பு. தம்பி திங்கட்கிழமை அவரிடம் போய் இவ்வளவு சொன்னால் போதும்: "போன வாரம் உங்களுக்குக் கஷ்டம் கொடுத்துவிட்டேன். நான் புதுசு. எது எது தப்பாக வந்தது? எந்தத் தெருக்களில் ஸ்டிக்கர் எண்ணை நம்பக் கூடாது? கடைகளுக்கான பெட்டிகளை எங்கே வைத்தால் உங்களுக்கு எளிது?" மூன்றாவது கேள்வி முக்கியம். ஒவ்வொரு டிரைவருக்கும் ஒரு பழக்கம் உண்டு. ஒருவர் கடைச் சரக்கைப் பின்கதவருகே கேட்பார், இன்னொருவர் நடைபாதை காலியாக இருந்தால் போதும் என்பார். இதெல்லாம் எந்த ஸ்டிக்கரிலும் வராது, கேட்டால்தான் தெரியும்.

ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வண்டிக்கு ஒரு பக்கம். குழப்பும் தெருப்பெயர்கள், தினம் பெட்டி வரும் கடைகள், டிரைவர் சொன்ன குறை, எல்லாம் அதில் இருக்கட்டும். பேசவும் கேட்கவும் வேலை நேரத்துக்குள்ளேயே சூப்பர்வைசரிடம் சொல்லி ஐந்து நிமிடம் வாங்க வேண்டும். சம்பள நேரம் முடிந்த பிறகு சும்மா நின்று வண்டியைச் சரிசெய்து கொடுக்கும் பழக்கம் வேண்டாம். டிரைவரும் தன் நேரம் தொடங்கும் முன்பே வந்து இலவசமாக அடுக்க வேண்டியதில்லை. அப்படி ஆளுக்கு ஆள் விட்டுக்கொடுத்தால், இந்தக் கூடத்தில் ஆள் பற்றாக்குறை இருக்கிறது என்பதே மேலிடத்துக்குத் தெரியாமல் போய்விடும்.

எதுவரை பொறுக்கலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். வேலையைப் பற்றிய கோபத்தை, குரல் உயர்ந்திருந்தாலும், ஒருமுறை பொறுக்கலாம். நிறத்தையோ, ஊரையோ, மதத்தையோ, ஆங்கில உச்சரிப்பையோ வைத்து ஒரு வார்த்தை வந்தால் பொறுக்கக் கூடாது. கையை ஓங்கினாலும், பெட்டியைத் தூக்கி எறிந்தாலும் அப்படித்தான். தேதி, நேரம், சொன்ன வார்த்தை, பக்கத்தில் இருந்தவர்கள் என்று எழுதிவைத்து, சூப்பர்வைசரிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும். யூனியன் இருந்தால் கூடத்தில் அதன் பிரதிநிதியான ஸ்டூவர்டிடமும் சொல்ல வேண்டும். இன, மத, பூர்வீக அடிப்படையில் வேலையிடத்தில் தொல்லை செய்வதை 1964-ஆம் ஆண்டு சிவில் உரிமைச் சட்டம் தடைசெய்கிறது. தம்பிக்கு நடந்தது இந்த வகையில்லை என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. தெரிந்து வைத்துக்கொள்ளட்டும் என்றுதான் சொல்கிறேன்.

இந்த உறவு எல்லா நிறுவனத்திலும் ஒரே மாதிரி இருக்காது. யுபிஎஸ்-இல் லோடரும் டிரைவரும் ஒரே நிறுவனத்தின் ஆட்கள், டீம்ஸ்டர்ஸ் என்ற ஒரே யூனியனின் உறுப்பினர்கள். ஃபெடெக்ஸ் கிரவுண்டில் பெட்டி கையாளுபவர் நிறுவனத்தின் ஊழியர், டிரைவரோ ஒப்பந்தக்காரரின் ஆள். அங்கே குறையை யாரிடம் சொல்வது என்பதே சிக்கல். அமேசானில் 2018 முதல் சின்னச் சின்ன ஒப்பந்த நிறுவனங்களின் டிரைவர்கள் வருகிறார்கள். உள்ளே இருப்பவர்கள் பைகளில் பிரித்துத் தள்ளுவண்டியில் வைத்துவிடுவார்கள், வேனில் ஏற்றுவது டிரைவரே. இருவருக்கும் பேச்சே இருக்காது. தம்பி தன் கூடத்தில் யார் யாருடைய ஆள் என்பதை முதலில் விசாரிக்கட்டும்.

யுபிஎஸ் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி 1997 ஆகஸ்ட். சுமார் 1,85,000 பேர் 15 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முக்கியமான கோரிக்கைகளில் ஒன்று, பகுதிநேர வேலைகளை முழுநேரமாக்க வேண்டும் என்பது. நல்ல சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த டிரைவர்களும் சம்பளத்தை விட்டுவிட்டு வாசலில் நின்றார்கள். 2023-இல் ஒப்பந்தப் பேச்சு முட்டிக்கொண்டு நின்றதும் பகுதிநேரக்காரர்களின் சம்பளத்தில்தான். கடைசியில் அவர்களுடைய தொடக்கச் சம்பளம் மணிக்கு 21 டாலர் ஆனது. இன்று காலை சத்தம் போடுகிற டிரைவர், லோடருக்காக நாளை தெருவில் நிற்கக்கூடியவர் என்று தம்பிக்குச் சொல்லுங்கள். அவர்களில் பலர் அதே பெல்ட்டில் லோடு ஏற்றித் தொடங்கியவர்கள், சீனியாரிட்டிப்படி டிரைவர் ஆனவர்கள். டிசம்பர் நெரிசல் முடியும்போது தன் லோடருக்குக் கையில் ஏதாவது கொடுக்கும் வழக்கமும் பல டிரைவர்களிடம் உண்டு. அதை எதிர்பார்க்கக் கூடாது, ஆனால் கிடைத்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று புரியும்.

உறவினரிடம் "லோடு ஏத்துறான்" என்று எப்படிச் சொல்வது என்று உங்கள் கணவர் தயங்குவதாக எழுதியிருந்தீர்கள். யுபிஎஸ்-இன் தலைமைச் செயல் அதிகாரியாக 2014 முதல் 2020 வரை இருந்த டேவிட் ஆப்னி, 1974-இல் மிசிசிப்பியில் கல்லூரி படித்துக்கொண்டே இரவில் லோடு ஏற்றியவர். எல்லாருக்கும் அப்படி நடக்காது என்பது எனக்கும் தெரியும். படிக்கிற பையன் செய்யக் கூடாத வேலை இது என்று மட்டும் நினைக்க வேண்டாம். படிப்புச் செலவுக்கு யுபிஎஸ் பல இடங்களில் ஆண்டுக்கு 5,250 டாலர் வரை கொடுக்கிறது. தம்பியின் நிறுவனத்தில் அப்படி ஏதாவது உண்டா, எத்தனை மாதம் வேலை பார்த்திருக்க வேண்டும் என்று மனிதவளப் பிரிவில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

டிரைவர் வேலையை நம்பிப் படிப்பை விடுவதற்கு மட்டும் நான் சம்மதிக்கமாட்டேன். சம்பளம் பெரிதுதான், ஆனால் காலம் நிலையாக இல்லை. 2025 ஏப்ரலில் யுபிஎஸ் 20,000 வேலைகளைக் குறைப்பதாகவும், 73 கட்டடங்களை மூடுவதாகவும் அறிவித்தது. பிரிப்பதையும் ஏற்றுவதையும் இயந்திரங்கள் மெல்ல மெல்ல எடுத்துக்கொண்டிருக்கின்றன. சப்ளை செயின், தொழிற்பொறியியல் மாதிரிப் பாடங்களில் அவனுக்கு நாட்டம் இருந்தால், இந்த வேலை அனுபவம் நேர்காணலில் பேசும். ஓர் அடுக்கு மாறியதால் ஒரு டிரைவருக்கு எத்தனை நிமிடம் மிச்சமானது என்று அந்த நோட்டைப் பார்த்துச் சொல்ல முடிகிற மாணவர்கள் அதிகம் இல்லை.

அவனுடைய கூடப் படிக்கும் நண்பனும் சேர விரும்புவதாக எழுதியிருந்தீர்கள். அந்தப் பையன் எஃப்-1 விசாவிலோ, பெற்றோரைச் சார்ந்து எச்-4 விசாவிலோ இருந்தால் இந்த வேலையில் சேரவே கூடாது. எஃப்-1 மாணவர் வளாகத்துக்கு வெளியே அனுமதியில்லாமல் வேலை பார்த்தால் விசா நிலையையே இழப்பார். உங்கள் மகன் குடியுரிமை உள்ளவன், அவனுக்குச் சிக்கல் இல்லை.

அப்புறம் உடம்பு. 70 பவுண்டுக்கு மேல், அதாவது சுமார் 32 கிலோவுக்கு மேல் உள்ள பெட்டியைத் தனியாகத் தூக்க வேண்டாம், ஆள் கூப்பிடக் கூச்சப்பட வேண்டாம். முழங்காலை மடக்கித் தூக்கட்டும், பெட்டியோடு இடுப்பைத் திருப்பாமல் காலை நகர்த்தித் திரும்பட்டும். அடுத்த செமஸ்டரில் வகுப்புகளை 11 மணிக்கு மேல் வரும்படி எடுக்கட்டும். இரவு 8 மணிக்கு விளக்கை அணைத்துவிடுங்கள், விருந்தாளி வந்திருந்தாலும் சரி. தூக்கக் கலக்கத்தில் காரோட்டி வீடு திரும்புவதுதான் இந்த வேலையில் எனக்கு உண்மையாகவே பயம் தருகிற விஷயம்.

3 மணிக்கு அவன் கிளம்பும்போது வெறும் காபியோடு அனுப்பாதீர்கள். இரண்டு இட்லியாவது உள்ளே போகட்டும், ஒரு பெரிய தண்ணீர் பாட்டிலும் கையில் இருக்கட்டும். டிரைவரோடு பேசின அன்றைக்கு என்ன ஆனது என்று எனக்கு ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.